அலவியாவின் குதிகால்

சூடானில் எங்கள் அத்பரா ஊரில் கல்யாணமான பெண்களில் பாதிப் பேருடைய பாதங்களை நான் மடியில் தூக்கி வைத்திருக்கிறேன். பெருமைக்குச் சொல்லவில்லை. மருதாணி இடுவது என் பிழைப்பு. இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவள் காலைப் பிடித்துத்தான் என் வீட்டு அடுப்பு எரிகிறது. யார் முற்றத்தில் வெறுங்காலோடு நடக்கிறாள், யார் மாமியார் வீட்டில் நாள் முழுக்க நின்றே சாகிறாள், யார் கட்டிலில் கிடந்து சீரியல் பார்க்கிறாள், எல்லாம் உள்ளங்காலிலேயே தெரிந்துவிடும். பார்த்ததை ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிற வாய்தான் எனக்கு. ஒரே ஒரு காலில் பார்த்ததை மட்டும் சொல்லாமல் விட்டேன். கேட்டுவிட்டு என்னைத் திட்டுகிறவர்கள் திட்டிக்கொள்ளலாம், நானே என்னைத் திட்டிக்கொள்ளாத திட்டு ஒன்றும் பாக்கியில்லை.

அலவியாக்காவுக்கு ஐம்பத்தேழு வயது. ரயில்வே ஸ்டோர் ஆபீஸில் கிளார்க்காக இருந்து வெளியே வந்தவள். பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை. அந்தச் சர்க்கரையைத் தனக்குக் கீழே வேலை பார்க்கிற பியூனைப் போல நடத்தினாள். பொல்லாதவள். விடிகாலைத் தொழுகை முடிந்ததும் விரலைக் குத்தி ரத்தம் பார்ப்பாள், நோட்டில் எழுதுவாள். ரொட்டியைக் கையால் பிய்க்கவே மாட்டாள், கத்தியால் பாதியாக அறுத்து ஒரு பாதியை மூடி வைத்துவிடுவாள். வெயில் ஏறுமுன் ரயில்வே கேட் வரை போய்த் திரும்புவாள். கரண்ட் போனால் இன்சுலின் மருந்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றித் தண்ணீர்ப் பானைக்குள் இறக்கிவிடுவாள். ஒரு கிளாஸ் டீக்கு நாலு ஸ்பூன் சர்க்கரை போடுகிற ஊரில், யார் வீட்டுக்குப் போனாலும் வெறும் டீதான். "சர்க்கரை போட்டுட்டியா? அப்ப நீயே குடி" என்று கிளாஸைத் திருப்பித் தருவாள். கொடுத்தவள் மூஞ்சி சுருங்கினால் சுருங்கட்டும்.

அவள் பாதங்கள் செத்து நாலு வருஷமாகியிருந்தது. செத்து என்றால் உணர்ச்சி இல்லை. ஒருமுறை செருப்பில் ஏறிய ஆணியோடு கேட் வரை போய்த் திரும்பி, தரையில் ரத்தத்தைப் பார்த்து "யாருக்குடி அடிபட்டது?" என்று மகளைக் கேட்டிருக்கிறாள். அன்றிலிருந்து மகள் ரவ்தா தினமும் மாலைத் தொழுகைக்குப் பிறகு தரையில் உட்கார்ந்து, போன் வெளிச்சத்தில் அம்மாவின் இரண்டு உள்ளங்கால்களையும், விரலிடுக்கு ஒவ்வொன்றையும் பார்ப்பாள். ரவ்தா நர்சரிப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். பிள்ளைகளின் நகத்தைப் பார்க்கிற அதே கண்டிப்பு.

"வந்தாச்சு செக்போஸ்ட்" என்று அலவியாக்கா காலை நீட்டுவாள். "பாருடி, கடத்தல் சாமான் ஏதாவது இருக்கான்னு நல்லாப் பாரு."

"பேசாம இரும்மா. விரலை விரி."

அந்த வீட்டில் நான் ஆயிரம் தடவை டீ குடித்தபடி இதைப் பார்த்திருக்கிறேன்.

அவள் புருஷன் சித்தீக் சவூதி ஜித்தாவில் தண்ணீர் லாரி ஓட்டினார். மூன்று வருஷமாக ஊருக்கு வரவில்லை. உம்ரா யாத்திரை போய் வந்த ஒருத்தி, அங்கே நம்மூர் விதவை ஒருத்தி அவருக்குச் சமைத்துப் போடுகிறாள் என்று பேச்சோடு பேச்சாகப் போட்டுவிட்டாள். அத்பராவில் ஒரு பேச்சு கிளம்பினால் ரயிலுக்கு முன்னால் போய்ச் சேரும். அலவியாக்கா காதுக்கு அது வந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. சித்தீக் வியாழக்கிழமை வருகிறார் என்று செய்தி வந்ததும்தான், அது அவள் காதுக்கு எப்போதோ போய்விட்டது என்று புரிந்தது.

திங்கட்கிழமை காலை, ரவ்தா பள்ளிக்கூடம் போன கையோடு எனக்குப் போன் வந்தது. "சாமானோட வா. இப்பவே."

போனேன். "கதவைச் சாத்து" என்றாள்.

"என்னக்கா, ராணுவ ரகசியமா?"

"வாயை மூடிட்டு உட்காரு. வலது காலை எடு. பார்த்துட்டுக் கத்தாதே."

காலை மடியில் வைத்துத் திருப்பினேன். குதிகாலின் உட்பக்கத்தில் இரண்டு விரல் அகலத்துக்குத் தோல் வெந்து வெளுத்திருந்தது. சிவப்பில்லை, கொப்புளமில்லை. ஓரம் மட்டும் பழுப்பு. விரலால் தொட்டேன், காய்ந்த தோல்பை போல இருந்தது.

"எப்படிக்கா இது?"

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "சனிக்கிழமை புகை போட்டேன்."

முற்றத்துக் குழியில் தல்ஹ் மரக் கட்டையைப் புகையவிட்டு, உடம்பில் ஒட்டுத்துணி இல்லாமல் கம்பளியைப் போர்த்தி அதன் மேல் உட்காருவது, எங்கள் பெண்கள் புருஷனுக்காகச் செய்துகொள்வது. தோல் பளபளக்கும், வாசனை நாட்கணக்கில் நிற்கும். ஆனால் அலவியாக்காவின் காலை நெருப்புப் பக்கமே கொண்டுபோகக் கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அவளே எத்தனை பேரிடம் அதைச் சொல்லி மிரட்டியிருக்கிறாள்!

"குழிக்குள்ள இருக்கிற சட்டியோட விளிம்புல குதிகால் பட்டுக்கிட்டே இருந்திருக்கு போல. எனக்கு என்னடி தெரியும்? கறி வறுபடற வாசனை வந்துச்சு. பக்கத்து வீட்டுல சமைக்கிறாங்கன்னு நினைச்சேன்."

நான் அந்தக் குதிகாலையே பார்த்தேன்.

"என்னடி முழிக்கிறே? வலிக்கவே இல்ல."

"ரவ்தா பார்க்கலையா?"

"ரெண்டு நாளா காய்ச்சல், தூங்கணும்னு சொல்லித் துரத்திட்டேன். இன்னிக்கும் அதையே சொன்னா நம்ப மாட்டா. அதான் உன்னைக் கூப்பிட்டேன். உள்ளங்கால் முழுக்கக் கறுப்பு போட்டுடு. குதிகாலைச் சுத்திப் பூ வரை. பெரிய பூவா வரை."

"அக்கா, ரவ்தாட்ட சொல்லிடலாம். இது சின்ன விஷயம் இல்ல."

"சொன்னா என்ன ஆகும்? ஆஸ்பத்திரி, கட்டு, காலைக் கீழ வைக்காதேன்னு ஒரு மாசம். மூணு வருஷம் கழிச்சு வர்றவர் வாசல்ல யாரைப் பார்ப்பார்? கட்டில்ல கிடக்கிற நோயாளியை. அப்புறம் அவ கேப்பா, இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா புகைன்னு. பெத்த பொண்ணு மூஞ்சியைப் பார்த்து நான் என்னத்தைடி சொல்ல?" கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, வழியவிட்டாள். "அவர் திரும்பிப் போனதும் நானே டாக்டர்கிட்ட போறேன். வல்லாஹி, அல்லா மேல ஆணையா போறேன்."

நான் அப்போதே பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து, நேரே பள்ளிக்கூடத்துக்குப் போய் ரவ்தாவை இழுத்து வந்திருக்க வேண்டும். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அலவியாக்கா முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை, அது ஒன்று. இன்னொன்று, என் தொழில் கர்வம். வெடித்த குதிகால், சேற்றுப்புண், எத்தனை பெண்களுக்கு மருதாணியை அப்பியே ஆற்றியிருக்கிறேன்! "மருதாணி குளிர்ச்சிதானே அக்கா, புண்ணு மேலேயே வெச்சு அப்பிட்டா ஆறிடும்" என்று நான்தான் சொன்னேன். அவள் கேட்டு நான் சொல்லவில்லை. அந்த வார்த்தை என் வாயிலிருந்து தானாக வந்தது. அதுதான் இன்றைக்கும் என்னைத் தின்கிறது.

மஹ்லபியா எண்ணெய் விட்டுக் குழைத்த மருதாணி விழுதை அந்த வெள்ளைத் தோல் மேல் தடிமனாக அப்பினேன். அழுத்தி அப்பினேன், அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே. ஒரு சுளிப்பு கூட இல்லை. பழைய ஆபீஸ் கதை ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். காய்ந்ததும் சாயம் கலந்த கறுப்பை அதன் மேல் இரண்டு பூச்சுப் பூசினேன். உள்ளங்கால் முழுக்க, விரல்கள் ஐந்துக்கும், குதிகாலைச் சுற்றிப் பூ, அங்கிருந்து கணுக்கால் எலும்பு வரை ஒரு கொடி. முடித்துவிட்டுத் திருப்பிப் பார்த்தேன். புண் எங்கே என்று எனக்கே தெரியவில்லை. கை என்றால் இதுதான் கை என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டேன். அந்த மெச்சலை நினைத்தால் இப்போதும் குமட்டுகிறது.

அன்று மாலையும் நான் அங்கேதான் இருந்தேன். ரவ்தா வந்து போன் வெளிச்சத்தை அடித்தாள்.

"அம்மா! புதுப்பொண்ணு தோத்துப் போவா! இக்லாஸ் அக்கா, எனக்கு ஒருநாள்கூட இப்படிப் போட்டு விட்டதில்லையே."

"உனக்குக் கல்யாணம் ஆகட்டும், போடறேன்" என்றேன்.

விரலிடுக்கு ஒவ்வொன்றையும் பார்த்தாள், பாவம், வழக்கம்போல. கறுப்பில் என்ன தெரியும்? "எல்லாம் நல்லாருக்கு" என்று எழுந்து கை கழுவப் போனாள். அலவியாக்கா என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

வியாழக்கிழமை சித்தீக் வந்து இறங்கினார். மஞ்சள் தோப் சேலையை உடம்பைச் சுற்றி உடுத்தி, சந்தனப் புகை மணக்க வாசலில் நின்றாள் அலவியாக்கா. மனுஷன் பெட்டியைக் கீழே வைக்க மறந்து நின்றார். பெண்கள் குலவையிட்டோம். அந்த ஒரு நிமிஷம், நான் செய்தது சரிதான் என்றுகூடத் தோன்றியது.

அப்புறம் பெட்டியைத் திறந்தார். துணி, வாசனைத் தைலம், சுகர் பார்க்கிற மெஷினுக்கு இரண்டு வருஷத்துக்குக் காணும் பட்டைகள். கடைசியாக ஒரு ஜோடி ஷூ. அகலமான முன்பக்கம், மெத்தென்ற அடிப்பாகம், உள்ளே ஒரு தையல்கூட உறுத்தாது. சர்க்கரைக்காரர்களுக்கென்றே செய்தது. தனக்கும் போன வருஷம் சர்க்கரை வந்துவிட்டது, அங்கே டாக்டர் இதைத்தான் போடச் சொன்னார், உனக்கும் அளவு பார்த்து வாங்கினேன் என்றார். அந்த விதவை பற்றிக் கேட்கத் துணிந்தவள் யாருமில்லை. எனக்கென்னவோ, அப்படி ஒருத்தி இருந்ததே இல்லை என்று அந்த ஷூவைப் பார்த்ததும் பட்டது.

அலவியாக்கா அடுப்படிக்கு வந்து என் காதைக் கடித்தாள். "பார்த்தியா? ஊர்ல மத்தவங்க புருஷன் தங்கம் வாங்கிட்டு வர்றான். எனக்கு வந்தது கிழவி ஷூ." அதைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு, பளபளவென்று விறைப்பாக இருந்த புதுச் செருப்பில் வெள்ளிக்கிழமை விருந்து முழுக்க நடந்தாள். எண்பது பேர் வந்தார்கள். காலை பத்திலிருந்து சாயங்கால அஸர் தொழுகை வரை அவள் உட்காரவில்லை. நான் அவள் நடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நொண்டினாலாவது தேவலை என்று இருந்தது. நேராக, கம்பீரமாக நடந்தாள்.

சனிக்கிழமை காலை நோட்டில் சர்க்கரை முந்நூற்றுப் பத்து.

ரவ்தா போனில் கத்தினாள். "அக்கா, நீங்க விருந்துல அம்மா பக்கத்துலதானே இருந்தீங்க? என்ன சாப்பிட்டாங்க?"

எனக்குத் தெரியும், பாதி ரொட்டிக்கு மேல் அவள் தொடவில்லை. ஒரு துண்டு இனிப்பு வாயில் வைக்கவில்லை. "நான் பார்க்கலையேம்மா" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை முந்நூற்று நாற்பது. அன்று நான் போனபோது வீட்டில் சண்டை. ரவ்தா நோட்டைத் தரையில் போட்டிருந்தாள்.

"பன்னெண்டு வருஷத்துல இப்படி ஒரு நம்பர் வந்ததே இல்ல. உண்மையைச் சொல்லும்மா. திருட்டுத்தனமா என்ன தின்னே?"

அலவியாக்கா தலையைக் குனிந்துகொண்டாள். "பஸ்பூஸா. அடுப்படில வெச்சு... நாலஞ்சு துண்டு."

"நீயா?"

"ஆசையா இருந்துச்சு."

நான் வாசற்படியில் நின்றிருந்தேன். அந்தப் பெண் தன் வாழ்நாளில் அந்த நோட்டில் ஒரு நம்பரைக்கூடப் பொய்யாக எழுதியவளில்லை. அடுத்தவர் இனிப்பைத் தட்டோடு தள்ளிவிடுகிறவள், தின்னாத இனிப்பைத் தின்றேன் என்று மகள் முன்னால் ஒப்புக்கொண்டாள். சர்க்கரை ஏறியது இனிப்பால் இல்லை. காலுக்குள் என்னவோ நடக்கிறது, உடம்பு கத்துகிறது. எனக்குப் புரிந்தது. புரிந்தும் "விடும்மா ரவ்தா, விருந்துன்னா அப்படித்தான்" என்று சமாதானம் பேசினேன். பாவி.

"கால் வேற வீங்கியிருக்கு" என்றாள் ரவ்தா.

"நின்னுக்கிட்டே இருந்தேன்ல, வீங்காதா?"

இன்சுலினை ஏற்றினார்கள். இனிப்பு டப்பாக்களை எல்லாம் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

எனக்கு அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானம், யாரும் கூப்பிடாமலே, மங்கிய இடத்தில் மருதாணி திருத்துகிறேன் என்று சாக்குச் சொல்லிப் போனேன். அறையில் சந்தனப் புகை முட்டிக்கொண்டு நின்றது. வழக்கத்துக்கு மூன்று மடங்கு. சித்தீக் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து செருமிக்கொண்டிருந்தார். அலவியாக்கா போர்வைக்குள் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தாள். வெளியே நாற்பத்திரண்டு டிகிரி வெயில்.

"எதுக்குக்கா இவ்வளவு புகை?"

"வாசனையா இருக்கட்டும்னு."

போர்வையைக் கணுக்கால் வரை மட்டும் விலக்கிக் காலை மடிக்கு இழுத்தேன். கறுப்பு அப்படியே இருந்தது, நான் போட்ட பூ, நான் போட்ட கொடி, ஓர் இதழ் அழியவில்லை. குதிகாலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். விரல் உள்ளே போயிற்று. அழுகின பழத்தில் போவது போலப் போயிற்று. அப்புறம் சந்தனத்துக்கு அடியிலிருந்து அந்த நாற்றம் வந்தது.

"ரவ்தா!" என்று நான் போட்ட சத்தம் தெரு முனைக்குக் கேட்டிருக்கும். அலவியாக்கா என் கையைப் பிடித்தாள், பிடியில் பலமே இல்லை. "சத்தியம் பண்ணியேடி" என்றாள். நான் எந்தச் சத்தியமும் பண்ணவில்லை. ஆனால் எட்டு நாளாகப் பண்ணிய மாதிரிதானே நடந்துகொண்டேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். புகை, சட்டி, வெந்த தோல், நான் அப்பிய மருதாணி. ரவ்தா என்னை அடிக்கவில்லை, அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சித்தீக் கட்டிலருகே வந்து மண்டியிட்டார். "புகையா? எனக்காகவா? அடி பைத்தியக்காரி, உன்னை யாரு கேட்டா?" என்றார். கேட்டுவிட்டு, பெரிய மனுஷன், எல்லார் முன்னாலும் விக்கி விக்கி அழுதார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வஹீபா காலைப் பார்த்தார். ஸ்பிரிட்டால் துடைத்தார், சோப்பால் தேய்த்தார், வேறு ஏதோ மருந்தால் தேய்த்தார். பஞ்சில் கொஞ்சம் பழுப்பு வந்தது. என் கறுப்பு போகவில்லை. மூன்று வாரம் நிற்கும் என்று கேரண்டி கொடுத்துப் போடுகிற சாயம் அது. அவர் குனிந்து, விளக்கை இழுத்து, ரொம்ப நேரம் பார்த்தார். அழுத்திப் பார்த்தார், நாடி தேடினார்.

"இதைப் போட்டது யாரு?"

"நான்தான்" என்றேன்.

"உள்ள வாங்க. செத்த சதையும் கறுப்பு, உங்க சாயமும் கறுப்பு. எதுவரைக்கும் உங்களுது, எதுவரைக்கும் இல்லைன்னு நீங்கதான் சொல்லணும். யோசிச்சுச் சொல்லுங்க. இதை வெச்சுத்தான் காலை எதுவரைக்கும் எடுக்கணும்னு நான் முடிவு பண்ணணும்." ஒரு பேனாவை என் கையில் கொடுத்தார்.

அலவியாக்கா மேஜையில் படுத்திருந்தாள். ஜன்னி கண்ட கண்கள், ஆனால் நினைவு இருந்தது. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் என் கையை அறிவேன். விரல் நகங்கள் என்னுடையவை. உள்ளங்கால் என்னுடையது. குதிகால் பூ, அதன் ஐந்து இதழ்கள், கொடி, கொடியின் நுனியில் கணுக்கால் எலும்புக்குக் கீழே நான் வைத்து முடித்த மூன்று புள்ளிகள். ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன். மூன்றாவது புள்ளியில் நிறுத்தினேன்.

டாக்டரம்மா அதற்கு மேலே விரலை வைத்தார். கணுக்காலுக்கு மேல், ஆடுசதை ஆரம்பிக்கிற இடத்தில், ஓர் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு. அதில் பூவும் இல்லை, கொடியும் இல்லை. "அப்போ இது?"

நான் மூன்றாவது புள்ளியையே திரும்பத் தொட்டேன்.

"இக்லாஸ்" என்றாள் அலவியாக்கா. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "சொல்லுடி. சாயம் சிந்திடுச்சுன்னு சொல்லு. அதுவும் நீ போட்டதுதான்னு சொல்லு."

எட்டு நாளாக அவள் சொன்னதையெல்லாம் செய்தவள் நான். வாசலில் ரவ்தா நின்றிருந்தாள், அவளும் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லக்கா" என்றேன். "அது நான் போட்டது இல்ல."

டாக்டரம்மா என் கையிலிருந்து பேனாவை வாங்கி, அதற்கும் நாலு விரல் மேலே காலைச் சுற்றிக் கோடு போட்டார்.